காட்டேரி வேட்டைக்காரி பகடை உருட்டுகிறாள்!

ஒரு பெண். வயது 16. பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பகலில் கணக்குப் பாடம், பரீட்சை, தோழிகளோடு அரட்டை. இரவு வந்தால்? கூரான ஒரு மரக் குச்சியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். புதைகுழியில் இருந்து எழுந்து வரும் இரத்தக் காட்டேரியின் நெஞ்சில் அந்தக் குச்சியைக் குத்துவாள். காட்டேரி பொடிப் பொடியாகிவிடும். விடிந்தால் மறுபடியும் பள்ளிக்கூடம்!

இந்தப் பெண்ணின் பெயர் பஃபி. ஜாஸ் வீடன் என்பவர் உருவாக்கிய "பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்" என்ற தொடர், அமெரிக்க டெலிவிஷனில் 1997-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி தொடங்கியது. 2003-ம் ஆண்டு மே 20-ந் தேதி முடிந்தது. மொத்தம் 144 பகுதிகள். பஃபியாக நடித்தவர் சாரா மிச்செல் கெல்லர்.

டெலிவிஷனில் கதை முடிந்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் பஃபி ஆகிறார். ஒருவர் அவளுடைய தோழி ஆகிறார். பகடை உருளுகிறது. புதுக் கதை பிறக்கிறது!

இப்படி ஆடுவோரில் ஒரு சாரார், 40 ஆண்டுகளுக்கு முன் அச்சான பழைய விதிப் புத்தகங்களைக் கொண்டே ஆட ஆசைப்படுகிறார்கள். பழைய ஆட்டம், புதுக் கதை. இரண்டும் ஒட்டுமா? ஒட்டும். ஆனால் கத்தரிக்கோல் வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று தெரியாமல் கை வைத்தால், மேஜையில் ஒருவர் மட்டும் சிரிப்பார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

இது என்ன ஆட்டம்?

தாயமும் பரமபதமும் ஆடியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இதில் கட்டம் கிடையாது. பழம் எடுப்பதும் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர் என்ற பேச்சே கிடையாது.

ஒருவர் நடுவர். அவர் கதையைச் சொல்வார். "கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். "கதவை உடைக்கிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வார். உடையுமா, உடையாதா? அதைப் பகடை சொல்லும். ஒரு கதை முடிய வாரக்கணக்கில் ஆகும். சில வீடுகளில் வருடக்கணக்கில் நடக்கிறது.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்". கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் சேர்ந்து எழுதினார்கள். 1974-ம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில் இருந்து வெளியாயிற்று. விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்தான். அது பிறகு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

1981-ம் ஆண்டில் இந்த ஆட்டத்தை எளிமையாக்கி, 64 பக்கப் புத்தகமாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். பெட்டிக்குள் பகடைகளும் இருந்தன. பகடையில் உள்ள எண்களுக்கு நிறம் ஏறி இருக்காது. ஒரு மெழுகு வர்ணக் குச்சியையும் கூடவே வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள்தான் தேய்த்து நிறம் ஏற்றிக்கொள்ள வேண்டும்! "பழைய ஆட்டம்" என்று இன்று ரசிகர்கள் கொண்டாடும் ஆட்டங்களில் இது முக்கியமானது. இதே விதிகளைத் தெளிவாக அடுக்கி, 2019-ம் ஆண்டில் "ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்" என்ற பெயரில் புதுப் புத்தகமே வந்திருக்கிறது. அந்த அளவுக்கு மவுசு!

பாதிரியார் வந்த கதை

காட்டேரி வேட்டை இந்த ஆட்டத்துக்குப் புதியதா? இல்லவே இல்லை. இது பலருக்குத் தெரியாத சங்கதி.

ஆர்னசன், 1974-க்கு முன்பே மின்னசோட்டா மாநிலத்தில் தம் நண்பர்களை வைத்துக்கொண்டு "பிளாக்மூர்" என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்தி வந்தார். அதில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் காட்டேரியாக மாறிவிட்டது. அதன் பெயர் சர் ஃபாங். "பல்லழகர்" என்று சொல்லலாம்! அந்தக் காட்டேரியின் பலம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. யாராலும் அடக்க முடியவில்லை.

என்ன செய்வது? சினிமாவில் காட்டேரியை அடக்கும் ஆள் இருக்கிறாரே! 1958-ம் ஆண்டில் வந்த "டிராகுலா" படத்தில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் பாத்திரம் அப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாயலில், சிலுவையைக் காட்டிக் காட்டேரியை விரட்டும் பாதிரியார் பாத்திரத்தைச் சேர்த்தார்கள். அதுதான் பிறகு அச்சு விதிகளில் வீரன், மந்திரவாதி ஆகியோருடன் மூன்றாவது ஆளாக இடம் பிடித்தது.

ஆகவே, காட்டேரி வேட்டைக்காரியைப் பழைய ஆட்டத்துக்குள் கொண்டுவருவது வலிந்து செய்யும் வேலை அல்ல. பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது மாதிரிதான்.

காட்டேரி விலை குறைய வேண்டும்

வீட்டுக்கு வந்தவுடனேயே ஒரு தகராறு. பழைய விதிகளில் காட்டேரி சாமானியப் பிராணி அல்ல. அதன் பலம் 7 முதல் 9 பகடை. சாதாரணக் கத்தி அதன் தோலில் கீறல்கூடப் போடாது. ஓர் அடி அடித்தால், அடிபட்டவர் அரும்பாடு பட்டு ஏறிய படிகளில் இரண்டு படி இறங்கிவிடுவார். அடித்து வீழ்த்தினாலும் புகையாக மாறிச் சவப்பெட்டிக்குத் திரும்பிவிடும்.

புதிதாக ஆட வந்தவர் இதன் முன்னால் நின்றால் அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் பஃபியின் ஊரான சன்னிடேலில் காட்டேரி என்பது தெருவுக்குத் தெரு திரியும் சமாசாரம். புதைத்த மறுநாளே எழுந்து வருகிறவை எத்தனையோ! தலைப்புப் பாட்டு வருவதற்கு முன்பே பஃபி ஒன்றைத் தீர்த்துக்கட்டிவிடுவாள்.

எனவே புதிதாக எழுந்த காட்டேரிக்கு 2 பகடைப் பலம் போதும். படி இறக்கும் சக்தி அதற்கு வேண்டாம். பழைய புத்தகத்தில் உள்ள முழுப் பலத்தையும் கிழட்டுக் காட்டேரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுக் கதையில் பூமிக்கு அடியில் சிறைப்பட்டுக் கிடந்தானே "மாஸ்டர்" என்ற காட்டேரித் தலைவன், அவனைப் போன்றவர்களுக்கு அது சரியாக இருக்கும்.

மரக் குச்சிக்கு என்ன விதி? ஒரே குத்தில் தூளாகும் என்றால் சண்டையே இருக்காது. அதற்கும் எளிய வழி உண்டு. காட்டேரியின் கடைசி உயிர்ப் புள்ளி மரக் குச்சியால் போனால் தூள். வேறு ஆயுதத்தால் போனால் அது விழும். ஆனால் சற்று நேரத்தில் எழுந்து வரும். இப்படி வைத்தால், சண்டை நடுவே "குச்சி எங்கே? குச்சி எங்கே?" என்று எல்லோரும் பதறுவார்கள். அந்தப் பதற்றம்தானே வேண்டும்!

தங்கம் இல்லாத ஊர்

அடுத்த தொல்லை, கூலி. பழைய ஆட்டத்தில் படி ஏற வேண்டும் என்றால் அனுபவப் புள்ளி வேண்டும். அதில் பெரும் பங்கு புதையலில் இருந்துதான் கிடைக்கும். ஒரு பொற்காசு கொண்டுவந்தால் ஒரு புள்ளி. பூதத்தைக் கொன்றால் கிடைப்பது சொற்பம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீரன் இரண்டாம் படிக்குப் போக 2,000 புள்ளி வேண்டும். 2 பகடைப் பலம் உள்ள பிராணியைக் கொன்றால் 20 புள்ளி. அதையும் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும். நாலு பேர் என்றால், 400 காட்டேரிகளைக் கொன்ற பிறகுதான் அந்த வீரன் ஒரு படி ஏறுவான்! அதற்குள் ஆட்டக்காரர்களுக்கே பல் விழுந்துவிடும்.

சன்னிடேல் கல்லறைகளில் புதையல் இல்லை. ஊரைக் காப்பதற்கு யாரும் பஃபிக்குச் சம்பளம் கொடுப்பதும் இல்லை. ஆறாம் ஆண்டுக் கதையில் வீட்டுச் செலவுக்கு வழி இல்லாமல், அவள் ஓர் உணவுக் கடையில் வேலைக்குப் போகிறாள். அப்படியானால் புள்ளியை எதற்குக் கொடுப்பது?

பதில் தொடரிலேயே இருக்கிறது. 1999-ம் ஆண்டு மே மாதம் ஒளிபரப்பான "தி பிராம்" என்ற பகுதி. பள்ளிக்கூடம் முடியும் நேரம். மாணவர்களின் நடன விருந்து. பஃபி இரவில் என்ன செய்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். திடீரென்று ஒரு மாணவன் மேடை ஏறுகிறான். பள்ளியின் வரலாற்றிலேயே இந்த வகுப்பில்தான் சாவு மிகக் குறைவு என்று சொல்லுகிறான். அதற்குக் காரணம் பஃபி என்று எல்லோருக்கும் தெரியும் என்கிறான். வகுப்பின் சார்பில் அவளுக்கு ஒரு சின்னக் குடையைப் பரிசாகக் கொடுக்கிறான். "வகுப்புக் காவலர்" என்று அதில் பொறித்திருக்கிறது!

பொற்காசுக்குப் பதில் உயிர். இதைவிட நல்ல விதி வேறு என்ன? கொன்ற காட்டேரிக்குப் புள்ளி வேண்டாம். காப்பாற்றிய ஒவ்வோர் உயிருக்கும், உதவி செய்த ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி கொடுக்கலாம். அப்போது ஆட்டமே மாறிவிடும். காட்டேரியைத் துரத்துவதா, அடிபட்டுக் கிடக்கும் மாணவனைத் தூக்குவதா என்று யோசிப்பார்கள். பழைய ஆட்டத்தில் திருட்டுப் புத்தி வளர்கிறது என்று குறை சொன்னவர்களின் வாயும் அடையும்.

பலசாலி ஒருத்தி, மற்றவர்கள் கதி?

இப்போது பெரிய சிக்கல். இதைத் தீர்க்காவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண்.

பஃபிக்குப் பத்து ஆளின் பலம். கதையில் அது சரி. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பது பஃபி மட்டுமா? தோழி வில்லோ இருக்கிறாள். ஆரம்பத்தில் அவளுக்குப் படிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. நூலகர் கைல்ஸ் இருக்கிறார். அவர் வயதானவர். கண்ணாடி போட்டவர். ஜாண்டர் என்ற பையன் இருக்கிறான். அவனுக்குப் பலமும் இல்லை, மந்திரமும் இல்லை. வாய் மட்டும் உண்டு.

பஃபியாக ஆடும் பிள்ளை ஒவ்வொரு சண்டையிலும் அடித்து நொறுக்கும். ஜாண்டராக ஆடும் பிள்ளை என்ன செய்யும்? பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பார்க்கும். இரண்டு வாரம் பார்க்கும். மூன்றாவது வாரம் வராது. அந்த நாற்காலி காலியாகிவிடும். இப்படிக் குலைந்துபோன ஆட்டங்கள் ஏராளம். இது வெறும் விதிச் சிக்கல் அல்ல, ஒரு குழந்தையின் மனம் சம்பந்தப்பட்டது.

2002-ம் ஆண்டில் ஈடன் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் பஃபி கதைக்கென்றே ஒரு மேஜை ஆட்டத்தை வெளியிட்டது. அதில் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். "நாடகப் புள்ளி" என்று ஒன்று வைத்தார்கள். பலசாலிப் பாத்திரங்களுக்கு 10 புள்ளி. பலம் இல்லாத நண்பர்களுக்கு 20 புள்ளி. நெருக்கடி வரும்போது ஒரு புள்ளியைச் செலவழித்தால், பகடையில் விழுந்த எண்ணோடு 10 சேர்த்துக்கொள்ளலாம். பட்ட அடியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆக, பலம் பஃபிக்கு, அதிர்ஷ்டம் ஜாண்டருக்கு!

2012-ம் ஆண்டில் விரிவாக வெளிவந்த "மான்ஸ்டர் ஆஃப் தி வீக்" என்ற ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் சக்தியே இல்லாத சாதாரண ஆள் ஒரு பாத்திரம். அவனைப் பூதம் பிடித்துக்கொண்டு போனால் அவனுக்கு அனுபவப் புள்ளி! அவனைக் காப்பாற்றினவருக்கும் புள்ளி! அகப்பட்டுக்கொள்வதே அவனுக்கு லாபம். வேடிக்கையாக இல்லையா?

பழைய ஆட்டத்திலும் இதற்கு ஒரு வழி ஒளிந்திருக்கிறது. 1981 விதிகளில் "எல்ஃப்" என்ற வனதேவதை ஜாதி உண்டு. வாளும் வீசும், மந்திரமும் போடும். அதற்கு விலை என்ன தெரியுமா? திருடன் 1,200 புள்ளியில் இரண்டாம் படி ஏறிவிடுவான். எல்ஃபுக்கு 4,000 வேண்டும். பஃபியையும் இந்தத் தராசில் நிறுத்தலாம். பிறக்கும்போதே பலசாலி, ஆனால் படி ஏறுவதில் ஆமை. நண்பர்கள் அதற்குள் இரண்டு மூன்று படி ஏறியிருப்பார்கள். வில்லோவின் கதை அப்படித்தானே போயிற்று? கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த பெண், ஆறாம் ஆண்டில் உலகத்தையே அழிக்கக்கூடிய மந்திரக்காரி ஆகிவிட்டாளே!

ஆனால் அது பிந்திக் கிடைக்கும் நியாயம். முதல் வாரமே வேண்டுமே? அதற்கு நாடகப் புள்ளியை ஈடன் புத்தகத்தில் இருந்து கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். "பழைய ஆட்டத்தில் பகடைதான் எஜமான், அதில் கை வைக்கக் கூடாது" என்று சில பிடிவாதக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நாற்காலி காலியாவதைவிட, ஒரு விதி கூடுவது மேல்.

விதியைவிட முக்கியம் நடுவரின் கண். 1999-ம் ஆண்டு ஜனவரியில் வந்த "தி ஜெப்போ" என்ற பகுதியை நடுவர்கள் பாடமாக வைத்துக்கொள்ளலாம். அன்று உலகமே அழியப்போகிறது. பஃபியும் மற்றவர்களும் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். ஆனால் கதை அவர்களைக் காட்டவில்லை! கதவு இடுக்கில் ஒரு காட்சி, ஓர் அலறல், அவ்வளவுதான். கதை முழுவதும் ஜாண்டரின் பின்னால் போகிறது. பள்ளிக்கூடத்தின் அடியில் வெடிகுண்டு. அதை வைத்தவன் செத்தும் நடமாடும் ஒரு முரடன். ஜாண்டர் தன்னந்தனியாக அவன் முன்னே நின்று, பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், அவனைக் கொண்டே குண்டை நிறுத்திவிடுகிறான். மறுநாள் நண்பர்கள் தங்கள் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலு வாரத்துக்கு ஒரு வாரம் இப்படி ஓர் ஆட்டம் வைத்தால் போதும். பஃபியாக ஆடும் பிள்ளை அன்று பக்கத்து அறையில் பூதத்தோடு மல்லுக்கட்டட்டும். பகடை ஒரே ஒரு முறை உருட்டட்டும்.

செத்தால் என்ன ஆகும்?

பழைய ஆட்டம் இரக்கம் இல்லாதது. உயிர்ப் புள்ளி பூஜ்யம் ஆனால் ஆள் காலி. புது மந்திரவாதிக்கு அதிகம் போனால் 4 புள்ளி. ஒரு கத்திக்குத்துத் தாங்காது. செத்தவர் புதுக் காகிதம் எடுத்து, புதுப் பாத்திரம் எழுத வேண்டியதுதான்.

"கதாநாயகி செத்தால் கதை எப்படி நடக்கும்?" என்று கேட்கலாம். இங்கேதான் ஓர் அதிசயப் பொருத்தம்! தொடரின் கதையிலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வேட்டைக்காரி செத்தால், உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அந்தச் சக்தி போய்விடும். பழைய ஆட்டத்தின் புதுக் காகித விதியும் இதுவும் ஒன்றேதான்.

1997-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி ஒளிபரப்பான முதல் ஆண்டின் கடைசிப் பகுதியில், பஃபி சாவாள் என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. அதன்படியே மாஸ்டர் அவளைக் கடித்துத் தண்ணீரில் தள்ளுகிறான். அவள் மூச்சு நின்றுவிடுகிறது. அப்போது அவளைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதி, உயிர் கொடுத்தவன் யார்? பலம் இல்லாத அந்த ஜாண்டர்தான்! ஆனாலும் ஒரு கணம் செத்தது செத்ததுதானே? அதனால் கெண்ட்ரா என்ற இரண்டாவது வேட்டைக்காரி வந்துவிட்டாள். அவள் செத்ததும் ஃபெய்த் வந்தாள்.

ஆகவே சாவைத் தள்ளிவைக்க வேண்டாம். செத்தால் புதுப் பெண் ஊருக்கு வரட்டும். பழையவளின் அறையும், அழுகிற தாயும், சந்தேகத்தோடு பார்க்கும் நண்பர்களும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு மாதத்துக்குக் கதை தயார்!

ஆனால் ஒன்றைக் கட்டாயம் வெட்டி எறிய வேண்டும். பழைய விதிப்படி 7-ம் படி ஏறிய பாதிரியார், செத்தவரை மந்திரத்தால் எழுப்பிவிடுவார். சன்னிடேலுக்கு அது ஆகாது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி வந்த "தி பாடி" என்ற பகுதியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பஃபி வீட்டுக்கு வருகிறாள். தாய் சோபாவில் கிடக்கிறாள். காட்டேரி கடிக்கவில்லை. பூதம் அடிக்கவில்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துச் செத்துப்போனாள். அந்தப் பகுதியில் பின்னணி இசையே கிடையாது. உலகத்தையே காப்பாற்றிய பெண் சோபாவின் அருகில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறாள். அடுத்த பகுதியில் தங்கை மந்திரத்தால் தாயை எழுப்பப் பார்க்கிறாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்கும் நேரத்தில், தானே அந்தப் படத்தைக் கிழித்து மந்திரத்தை நிறுத்திவிடுகிறாள்.

பிறகு அதே ஆண்டில் பஃபியும் சாகிறாள். நண்பர்கள் அவளை எழுப்பிவிடுகிறார்கள். நரகத்தில் வதைபடுகிறாள், மீட்டுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அவள் இருந்ததோ சொர்க்கத்தில்! எழுந்து வந்ததுதான் அவளுக்கு நரகம். அந்த ஆண்டு முழுவதும் அந்தத் துயரம் அவளை விடவில்லை. காசு கொடுத்தால் எழுப்பிவிடலாம் என்ற விதி மேஜையில் இருந்தால், இந்தக் கதைகளில் எதுவுமே நடக்காது.

பெற்றோர் பயம்

"பேய், காட்டேரி, மந்திரம்! பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" இந்தப் பயம் அமெரிக்காவிலேயே பலமாக இருந்தது. 1980-களில் பாதிரியார்களும் பெற்றோர் சங்கங்களும் இந்த ஆட்டத்தை எதிர்த்தார்கள். 1982-ம் ஆண்டில் ஆட்டப் பைத்தியம் பிடித்த ஒரு மாணவனைப் பற்றி டெலிவிஷன் படமே வந்தது. அதில் நடித்தவர், பிறகு உலகப் புகழ் பெற்ற டாம் ஹாங்க்ஸ்! 1985-ம் ஆண்டில் "60 நிமிடங்கள்" என்ற செய்தி நிகழ்ச்சியிலும் இதை அலசினார்கள். அந்தக் கூச்சல் மெல்ல ஓய்ந்துவிட்டது. அன்று ஆடிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள்.

பயம் வீண் என்றாலும், கவனம் வீண் அல்ல. 1999-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியால் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்காவே அழுதது. அடுத்த வாரம் ஒளிபரப்பாக வேண்டிய பஃபி கதை என்ன தெரியுமா? பிறர் நினைப்பது பஃபியின் காதில் விழுகிறது. நாளைக்கு எல்லோரையும் கொல்லப்போவதாகப் பள்ளிக்குள் யாரோ நினைக்கிறார்கள்! அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 21-ந் தேதிதான் காட்டினார்கள்.

டெலிவிஷன் கம்பெனிக்கே அந்த யோசனை இருக்கும்போது, மேஜை நடுவருக்கு இருக்கக் கூடாதா? முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டுவிட வேண்டும். எது கதையில் வரக் கூடாது? ஒரு பிள்ளையின் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருக்கலாம். அந்த மேஜையில் தாய் சாகும் கதை வேண்டாம்.

எதிரியோடு கைகுலுக்கல்

பழைய ஆட்டத்தில் வெட்டக் கூடாத விதி ஒன்று உண்டு. பலர் அதை மறந்தே போகிறார்கள். பூதம் எதிரே வந்ததும் நடுவர் இரண்டு பகடை உருட்டுவார். 2 விழுந்தால் உடனே பாயும். 12 விழுந்தால் நட்பு! நடுவே விழுந்தால் பேச்சுக்கு இடம் உண்டு. 12 விழுவது 36 தடவையில் ஒரு தடவை. விழுந்தால் விருந்து.

தொடரில் அப்படி ஒரு நாள் வந்தது. 1998-ம் ஆண்டு மே மாதம். உலகத்தை அழிக்க ஒரு காட்டேரி புறப்படுகிறான். பஃபியைக் கொல்லவே ஊருக்கு வந்த ஸ்பைக் என்ற இன்னொரு காட்டேரி, அவளிடமே வந்து சமாதானம் பேசுகிறான்! அவனுக்கு இந்த உலகம் பிடித்திருக்கிறதாம். அழியக் கூடாதாம். பிறகு பஃபியின் வீட்டில், அவள் தாயோடு ஒரே அறையில் அவன் உட்கார்ந்திருக்கும் காட்சி இருக்கிறதே! இருவருக்கும் பேச விஷயமே கிடைக்கவில்லை. பகடையை நம்பிய நடுவருக்குத்தான் இப்படிப்பட்ட காட்சி வாய்க்கும்.

கடைசியாக, கையும் களவுமாக ஆட வேண்டிய ஒரு பகுதி. 1999-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி வந்த "ஹஷ்". கறுப்பு உடை அணிந்த சில கனவான்கள் ஊருக்குள் வருகிறார்கள். தரையில் கால் படாமல் மிதந்து வருகிறார்கள். முகத்தில் மாறாத சிரிப்பு. ஊரார் அத்தனை பேரின் குரலையும் பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். யாராலும் கத்த முடியாது. பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் இருதயத்தை அறுத்து எடுக்கிறார்கள். பகுதியில் பாதிக்கு மேல் வசனமே கிடையாது. குரல் திரும்பி, பஃபி ஒரு கூச்சல் போட்டதும் கனவான்களின் தலை வெடிக்கிறது.

இதை மேஜையில் ஆடுவது சுலபம். விதி ஒன்றுதான்: குரல் போன நேரத்தில் இருந்து ஆட்டக்காரர்களும் பேசக் கூடாது. ஜாடை காட்டலாம். எழுதிக் காட்டலாம். வாய் திறந்தவருக்கு ஓர் உயிர்ப் புள்ளி நஷ்டம். அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். ஆளுக்கு ஒரு சிலேட்டும் சாக்குக் கட்டியும் இருந்தால் போதும். வாயாடி ஜாண்டராக ஆடும் பிள்ளைக்குத்தான் அன்று கஷ்டம்!